தண்ணீர் கீழிருந்து மேலே வரும்

இயேசு மரி சூசை துணை

4, சந்தியாகப்பர் மேலத் தெரு,
தூத்துக்குடி.
26.11.1970

அன்புள்ள சண்முகத்தாய்க்கு,

பிளாரன்ஸ் எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் பொய்யாகிவிடும். முட்டளவு தண்ணீரில் நின்றபடி சுகமாக இருக்கிறோம் என்று வைத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய்? பட்டணத்து ஹாஸ்டலில் இன்னும் அதே சாம்பார்தானா?

கார்த்திகை பிறந்ததும் பிடித்த மழை, விட்டு விட்டுப் பெய்கிறது. மழை விட்டாலும் தெருவில் நிற்கிற தண்ணீர் போக வழியில்லை. வாறுகால் என்று ஒன்று இருந்தால்தானே போகும்? போன சனிக்கிழமை முன்னறைக்குள் வந்துவிட்டது. தையல் மெஷின்களை எல்லாம் பெஞ்சுமேல் ஏற்றிவிட்டு, படிக்க வருகிற பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் மாமியார் அந்தோணியம்மாளை உனக்குத் தெரியுமே, தண்ணீர் வந்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்குவதில்லை. அங்கே உட்கார்ந்தபடியே செபமாலையும் சொல்கிறார், நடுநடுவே என்னையும் வைகிறார். "ஏளா பிளாரன்சு, அடுப்படியில மீனு நீந்துது பாரு. பிடிச்சுக் கொழம்பு வையி. ஒம் புருசன் கடலுக்குப் போகவே வேண்டாம்" என்கிறார். சிரிப்பதா அழுவதா?

ரோச் கொழும்புக்குத் தோணி ஓட்டிவிட்டு நேற்றுத்தான் வந்தார். இருபது வருசம் தண்டலாகத் தோணி ஓட்டுகிறவர், வீட்டு வாசலில் இறங்கி நடக்க முடியாமல் நின்றார். "அடுத்த மழைக்கும் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா பூட்டிட்டுப் பெரியதாழைக்குப் போயிருவோம். தம்பி வீட்டுல இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவர் சத்தம் போட்டால் நான் பயப்பட மாட்டேன். மெதுவாகச் சொன்னார், அதுதான் பயம். பெரியதாழையில் கொழுந்தன் வீட்டு அடுப்படியில் நானும் ஒரு மருமகளாகப் போய் உட்கார வேண்டும். என் வகுப்பு அத்தோடு போச்சு. உனக்குத் தெரியும், அந்த வகுப்பு இல்லாமல் என்னால் முடியாது.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கும் கடலோரம் இருக்கிற கீழத் தெருவுக்கும் வாறுகால் கட்ட அரசாங்கத்திடம் பணம் கேட்டு நகராட்சியில் தீர்மானம் போட்டாயிற்று. பைல் உன் ஆபீசுக்குத்தான் வருமாம். குறுக்கு வழி எதுவும் கேட்கவில்லை. மற்ற பைல்களுக்கு அடியில் போய்த் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள், அது போதும்.

என்றும் உன்,
பிளாரன்ஸ்

---

முருகன் துணை

சென்னை,
9.12.1970

அன்புள்ள பிளாரன்ஸ்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டேன். உன் மாமியாரிடம் நான் கேட்டதாகச் சொல். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சாம்பாரும் அதேதான்.

உங்கள் பைல் வந்துவிட்டது. என் மேசைக்கே வந்தது! நம்பர் போட்டு நானே சூப்பிரண்டு கையில் கொடுத்தேன். ஆனால் இது உடனே ஆகிற காரியமில்லை. பாதிப் பணம் அரசாங்கம் மானியமாகத் தரும், கொஞ்சம் நகராட்சிக்குக் கடனாகத் தரும். மீதி மக்கள் பங்கு. அதைத் தெருக்காரர்கள் முதலில் கட்டினால்தான் பைல் நகரும். கூடவே தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று வேண்டும். தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அதை நீயே எழுது. பள்ளிக்கூடத்தில் மதர் கட்டுரைக்கு உனக்குத்தானே பரிசு கொடுப்பார்கள்! என் பெயரை மட்டும் எங்கும் எழுதிவிடாதே.

ஒரு சந்தோசமான செய்தி. என் அண்ணன் செந்தூர்பாண்டி அரிசி வியாபாரத்தைத் தூத்துக்குடிக்கே கொண்டுவருகிறான். உங்கள் கீழத் தெருவில் ஒரு கிட்டங்கி வாங்கியிருக்கிறான். கீழே அரிசி மூட்டை, மாடியில் வீடு. அம்மா போனபிறகு ஆதிச்சநல்லூர் வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இனி தீபாவளி, பொங்கல் என்றால் நான் வந்து இறங்குவது அங்கேதான். ஒரு சந்து தாண்டினால் உன் வீடு. நினைத்தாலே நன்றாயிருக்கிறது.

அன்புடன்,
சண்முகத்தாய்

---

இயேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
30.7.1971

அன்புள்ள சண்முகத்தாய்க்கு,

ஏளா சம்முவம், பணத்தைக் கட்டிவிட்டோம்! எப்படிக் கட்டினோம் என்று கேட்டால் நீ நம்ப மாட்டாய்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு தோணிக்காரனும் நடைக்கு நடை சாமி பங்கு என்று எடுத்து வைப்பது வழக்கம். அதில்தான் ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழா நடக்கும். பேண்டு, வாணம், சப்பரத்துக்குச் சோடனை, எல்லாம் அந்தப் பங்குதான். இந்த வருசம் அதை வாறுகாலுக்குக் கொடுப்போம் என்று கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டு நான்தான் சொன்னேன். பர்னபாஸ் சம்மாட்டி எழுந்துவிட்டார். அவருக்கு மட்டும் ஐந்து தோணி. "வாணம் விடாமத் திருவிழாவா? நம்ம சாமிய நாமளே அவமானப்படுத்துததா?" என்று ஒரே சத்தம். பங்குச் சாமியார்தான் காப்பாற்றினார். "சந்தியாகப்பர் குதிரையில இருக்காரு. அவருக்குக் காலு நனையாது. நனையுறது நமக்குத்தான். அவரு ஒண்ணும் கோவிக்க மாட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சம்மாட்டிகூடச் சிரித்தார்.

ஆனாலும் திருவிழா அன்று சப்பரம் வெறும் பாட்டோடு போனபோது மனசுக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஒரு வாணம் இல்லை. பொம்பளைகள் சிலர் அழுதார்கள். என் மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சாமி வீட்டுக் காசுல வாறுகா கட்டுதாளாம், அதுல தண்ணி மட்டும் ஓடலன்னா இவள அதுலயே போட்டு மூடுங்க" என்று சப்பரம் தூக்குகிறவர்களிடம் சொன்னார்.

மனுவும் போய்விட்டது. உனக்கும் ஒரு நகல் வைத்திருக்கிறேன். மதருக்குப் பிடித்த மாதிரி ரத்தினச் சுருக்கமாக எழுதினேன். 'மழைத் தண்ணீர் கீழிருந்து மேலே வந்து நிற்கிறது. ஆகவே முதலில் மேலத் தெருவுக்கு வடிகால் கட்டி மேற்கே உள்ள ஓடையில் விட வேண்டும்.' எப்படி?

ஐப்பசிக்கு முன்னால் உத்தரவு வந்துவிட்டால் ரோச்சிடம் காட்டி, இன்னும் ஒரு வருசம் பொறுங்கள் என்று கேட்பேன். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரி லாரியாகப் போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் தெருவுக்கும் ஒரு லாரி திரும்பாதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உன்,
பிளாரன்ஸ்

---

முருகன் துணை

சென்னை,
4.9.1971

அன்புள்ள பிளாரன்ஸ்,

உத்தரவு வந்துவிட்டது. முதல் செய்தி நல்ல செய்தி. இரண்டாவது செய்தியைக் கோபப்படாமல் படி.

இந்த வருசம் ஒரு தெருவுக்குத்தான் பணம். அது கீழத் தெரு. மேலத் தெரு அடுத்த கட்டத்தில், இரண்டு மூன்று வருசம் ஆகலாம்.

நடந்தது என்ன என்று சொல்கிறேன். சூப்பிரண்டு உன் மனுவை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "என்னம்மா, உங்க ஊர்ல தண்ணி மாடிப்படி ஏறுதா? கீழேருந்து மேலே வருதாமே!" என்றார். செக்‌ஷனே சிரித்தது. "கடல் கிழக்கே இருக்கு. கடல் பக்கம்தானே பள்ளமா இருக்கும்? கீழத் தெருன்னு பேரே சொல்லுதே. எழுதினவங்க மாத்தி எழுதிட்டாங்க. கீழத் தெருன்னே நோட் போடுங்க" என்றார். பணம் ஒதுக்கிய பிறகுதான் மட்டம் அளப்பார்கள், அதனால் அவர் சொன்னதை மறுத்துக் காட்டக் கையில் ஒன்றுமில்லை.

எனக்கும் அவர் சொன்னது சரியாகவே பட்டது, பிளாரன்ஸ். எங்கள் ஊரில் ஆறு மேற்கேயிருந்து வருகிறது. மேல வயல் நிறைந்துதான் கீழ வயலுக்குத் தண்ணீர் வரும். மேற்கே ஏறிப் போகிற தண்ணீரை நான் பார்த்ததில்லை. உன் தெரு, உன் வீடு, அந்தத் தவிப்பில் நீ கொஞ்சம் திருப்பி எழுதிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அதில் தப்பில்லை, யாரும் செய்வதுதான். நோட்டை நான்தான் டைப் அடித்தேன். கீழத் தெருவில் தண்ணீர் வடிந்தால் உங்களுக்கும் குறையத்தானே செய்யும்? வருத்தப்படாதே.

அன்புடன்,
சண்முகத்தாய்

---

தூத்துக்குடி,
10.9.1971

மதிப்பிற்குரிய சண்முகத்தாய் அவர்களுக்கு,

கீழ என்றால் கிழக்கு. இதைப் பட்டணத்து ஆபீசருக்குச் சொல்லிக்கொடுக்க அந்த செக்‌ஷனில் ஒரு தமிழச்சிகூடவா இல்லை?

கீழத் தெரு கடலோர மணல் மேட்டில் இருக்கிறது. கடல் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. அங்கே பெய்கிற மழை அங்கே நிற்காது. ஈரத் தலையைத் துவட்டுவதற்குள் சந்து வழியாக இறங்கி எங்கள் தெருவுக்கு வந்துவிடும். எங்களைத் தாண்டி ஓடைக்குப் போக வழியில்லாமல் எங்கள் வீட்டுக்குள் ஏறும். மேட்டில் வாறுகால் கட்டினால் எங்களுக்குக் குறையுமா? அந்தத் தண்ணீரும் இன்னும் சீக்கிரமாக எங்கள் தலையில் வந்து விழும். கீழிருந்து மேலே வருகிறது என்று எழுதினேன். எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் அது புரியும்.

நான் திருப்பி எழுதினேனா? சந்தியாகப்பர் சப்பரத்தை வெறுமையாக அனுப்பிவிட்டு வந்து, அந்தக் கையால் பொய் எழுதுவேனா? அப்படி நினைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

தெருவில் என்ன பேச்சு என்று தெரியுமா? உன் அண்ணன் கிட்டங்கி வாசலில்தான் காங்கிரீட் வாறுகால் வருகிறது. மூடி போட்டுவிட்டால் லாரி நேராக வாசலில் நிற்கும், கிட்டங்கி விலை ஏறும். "சாமி பங்கு பூரா அரிசிக் கடைக்குப் போச்சு. ஒங்க சிநேகிதிதான ஆபீசுல இருக்கா?" என்று பர்னபாஸ் சம்மாட்டி எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன், உன் கடிதம் கிடக்கிறது. நோட்டை நான்தான் டைப் அடித்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். இனி நான் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

நீ என் வீட்டுக்கு வந்ததெல்லாம் மே மாச லீவுக்கும் ஆகஸ்டு மாதா கோயில் திருவிழாவுக்கும்தான். மழைக்காலத்தில் ஒரு நாள் வந்து நின்றிருக்கிறாயா?

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

பிளாரன்ஸ்

---

சென்னை,
20.9.1971

அன்புள்ள பிளாரன்ஸ்,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

தண்ணீர் விசயத்தில் நீ சொல்வது சரியாக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அண்ணனுக்காக நான் உன் வீட்டை முங்க விட்டேன் என்று ஊர் சொல்லட்டும், நீயுமா சொல்வது? கிட்டங்கி வாசலில் வாறுகால் வந்தால் விலை ஏறும் என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ பொய் எழுதினாய் என்று நான் நினைத்தேன். நான் துரோகம் செய்தேன் என்று நீ நினைத்தாய். ஒருத்திக்கொருத்தி சரியாகப் போயிற்று.

சண்முகத்தாய்

---

முருகன் துணை

சென்னை,
2.11.1971

அன்புள்ள பிளாரன்ஸ்,

நீ பதில் போடவில்லை. போட மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். மழை வருமா வருமா என்று மாடியில் உட்கார்ந்திருந்தேன். மதினிகூட, "என்னளா, வானத்தையே பார்த்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டாள். லீவை நீட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் கொட்டியது பார், அப்படி ஒரு மழை. ஓடிப்போய்க் கிட்டங்கி வாசலில் நின்றேன். தண்ணீர் நிற்கும் நிற்கும் என்று பார்க்கிறேன், நிற்கவே இல்லை. மணலில் கொஞ்சம் ஊறியது, மீதி சந்துப் பக்கம் திரும்பி ஓடிவிட்டது.

குடையை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். தீபாவளிக்கு எங்கள் வாசலில் வெடித்த பட்டாசுக் காகிதம் குப்பையாகக் கிடந்ததல்லவா, அந்தச் சிவப்புக் காகிதமெல்லாம் தண்ணீரோடு எனக்கு முன்னால் போயிற்று. சந்தில் இறங்க இறங்கக் கணுக்கால் நனைந்தது, சேலையைத் தூக்கிப் பிடித்தேன், மேலத் தெருவுக்கு வந்தபோது முட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் பட்டாசுக் காகிதம் உன் வாசல்படி ஏறி உள்ளே போவதை என் கண்ணால் பார்த்தேன்.

நீ இரண்டு பெண்களோடு சேர்ந்து மெஷினைத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டிருந்தாய். முதுகுதான் தெரிந்தது. உன் மாமியார் உள்ளேயிருந்து வைகிற சத்தம் கேட்டது. கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் நீ முதலில் வைவாய், பிறகு உள்ளே வா, துவட்டிக்கொள் என்பாய். அதை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அப்படியே திரும்பிவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, தண்ணி இங்கன நிக்கல. அங்கன போய்த்தான் நிக்குது. நான் ஆபீசுல எழுதிக் கொடுக்கப் போறேன்." அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "ஏளா, வாசலுக்கு வந்த லட்சுமிய எவளாவது போன்னு சொல்லுவாளா? ஒன்னய எவன் கேட்டான்? நீ பாட்டுக்கு வாய மூடிட்டு இரி. எழுதுனன்னா இந்தப் படி ஏறாத" என்றான். கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். ரயிலேற்றி விட அவன் வரவில்லை.

நேற்று சூப்பிரண்டிடம் ஒரு காகிதம் கொடுத்தேன். 'நான் டைப் செய்த குறிப்பு தவறு. நேரில் பார்த்தேன். மட்டம் அளந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.' அவர் படித்துவிட்டு, "உங்க அண்ணன் வீடு எந்தத் தெருன்னு சொன்னீங்க?" என்றார். கீழத் தெரு சார் என்றேன். "அப்போ உங்களுக்குத்தானேம்மா நஷ்டம்?" என்றார். ஆமா சார் என்றேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

நீ பொய் எழுதவில்லை, பிளாரன்ஸ். உன்னைச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

சண்முகத்தாய்

---

(அஞ்சலட்டை)

பெரியதாழை,
5.12.1971

சண்முகத்தாய்க்கு,

தபால்காரர் பவுல் உன் கடிதத்தை இங்கே திருப்பிவிட்டார். வீட்டைப் பூட்டியாயிற்று. ரோச் சொன்னபடி செய்துவிட்டார். மெஷின்களைச் சாமியார் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார். இங்கே கொழுந்தன் மனைவி நல்லவள்தான். ஆனால் அடுப்பு அவளுடையது.

பட்டாசுக் காகிதம் உண்மை. மாமியார் கட்டிலுக்கு அடியிலிருந்து நான்தான் பொறுக்கினேன். எங்கள் தெருவில் யார் வெடித்தது என்று யோசித்தேன்.

காகிதத்தில் எழுதியது ஒரு தடவை மாறிவிட்டது. இனி எழுத்தை நம்ப எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் சொல்லட்டும்.

பிளாரன்ஸ்

---

முருகன் துணை

சென்னை,
14.3.1972

அன்புள்ள பிளாரன்ஸ்,

பெரியதாழைக்கே எழுதுகிறேன். மட்டம் அளந்துவிட்டார்கள். மேலத் தெருதான் பள்ளம் என்று எழுத்துமூலம் வந்துவிட்டது. உத்தரவை மாற்றிவிட்டார்கள். முதலில் உங்கள் தெரு, அங்கேயிருந்து ஓடைக்கு. கீழத் தெரு பின்னால். நகராட்சிக்குப் போன தபாலை நானே ஒட்டினேன். எழுத்தை நம்ப மாட்டாய் என்று தெரியும், சொல்லி வைக்கிறேன்.

எனக்கு ஒரு மெமோ கொடுத்திருக்கிறார்கள், சரிபார்க்காமல் குறிப்பு தயாரித்ததற்கு. கொடுக்கும்போது சூப்பிரண்டுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதை விடு.

போன வாரம் லாரி சர்வீஸில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. என் டிரங்குப் பெட்டி. அண்ணன் வீட்டில் நான் வைத்திருந்த பெட்டி. சேலைகள், அம்மாவின் குத்துவிளக்கு, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டு, எல்லாம் மடித்து அடுக்கி வந்தது. மதினிதான் அடுக்கியிருப்பாள். கடிதம் எதுவும் இல்லை. அவன் சும்மா சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் பெட்டி போகவில்லை. அறைக்கு வெளியே வராந்தாவில் வைத்திருக்கிறேன், வருகிறவள் போகிறவள் எல்லாம் இடித்துக்கொண்டு முணுமுணுக்கிறாள்.

இனி எனக்குத் தூத்துக்குடியில் இறங்க வேலையில்லை. உங்கள் வாறுகால் நன்றாக வரட்டும்.

சண்முகத்தாய்

---

இயேசு மரி சூசை துணை

4, சந்தியாகப்பர் மேலத் தெரு,
தூத்துக்குடி.
12.11.1972

என் அன்புள்ள சம்முவம்,

மேலே இருக்கிற விலாசத்தைப் பார்த்தாயா? இன்னொரு தடவை பார்.

ஆனி மாதம் வந்துவிட்டோம். லாரி திரும்பாதா என்று பார்த்துக்கொண்டு நின்றேனே, திரும்பியது. தெருவின் நடுவே வெட்டினார்கள். பர்னபாஸ் சம்மாட்டி தோணிக்குப் போகாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொத்தனார்களை ஏலே, ஏலே என்று விரட்டிக்கொண்டிருந்தார். சாமி பங்கில் ஒரு சட்டி சிமெண்டுகூட வீணாகக் கூடாதாம். திருவிழாவுக்கும் வாணம் விட்டார். ஆனால் ஒன்றே ஒன்று. "அடுத்த வருசம் தண்ணி ஓடுனா பத்து" என்று சாமியிடமே பேரம் பேசினார்.

உனக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் எனக்கு வெட்கம். மழையைப் பார்த்துவிட்டு எழுதலாம், மழையைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

முந்தாநாள் பெய்தது. ரோச் வாசல்படியில் உட்கார்ந்து காலைத் தெருவில் தொங்கப்போட்டுக்கொண்டார். சந்து வழியாகத் தண்ணீர் வந்தது, கீழிருந்து மேலேதான், எப்போதும்போல. வந்து வாறுகாலுக்குள் இறங்கியது. சத்தம் கேட்டது. அதுபாட்டுக்கு ஓடைக்குப் போய்விட்டது. மழை இன்னும் வலுத்தது, மதியம் வரை விடவில்லை. ரோச்சின் கால் நனையவே இல்லை. கடைசியில் எழுந்து உள்ளே வந்து, "ஒஞ் சிநேகிதிக்கு எழுதிட்டியா?" என்று கேட்டார். நான் அடுப்படியில் போய் அழுதேன், சம்முவம். மாமியார் கட்டிலை விட்டு இறங்கிவந்து எட்டிப்பார்த்துவிட்டு, "இனி மீனக் காசு குடுத்துத்தான் வாங்கணும் போல" என்கிறார். கிழவிக்கு வையக் காரணம் கிடைக்காத வருத்தம். தெருவில் எல்லோரிடமும் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். பெயரை எழுதாதே என்று நீ முன்பு சொன்னாய். சொல்லாதே என்று சொல்லவில்லை.

அண்ணனுக்காக என்னை விற்றுவிட்டாய் என்று நினைத்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேனே, அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமானால் வாங்கிக்கொள்வேன். நீ உன் வீட்டையே கொடுத்து என் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறாய். என்னை மன்னித்துக்கொள். பெரியதாழையில் வராத வார்த்தை இன்றைக்கு வந்துவிட்டது.

நேற்று வேண்டுமென்றே உன் அண்ணன் கடைக்குப் போய் அரிசி வாங்கினேன். தலை நிமிராமல் அளந்தார். பையை வாங்கும்போது, "சம்முவம் எழுதுதாளா?" என்று மட்டும் கேட்டார். எழுதுதா அண்ணாச்சி, நல்லா இருக்கா என்றேன். சரி என்றார். அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

நீ அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மழைக்காலம் முடிவதற்குள் லீவு போட்டுக்கொண்டு வா. இறங்க வேலையில்லையாமே உனக்கு, யார் சொன்னது? வரும்போது அந்த டிரங்குப் பெட்டியையும் கொண்டு வா. முன்னறையில் ஜன்னலோரம் இடம் ஒதுக்கிவிட்டேன். பெஞ்சு தேட வேண்டாம். தரையிலேயே வைக்கலாம்.

உன்,
பிளாரன்ஸ்